சிசேரியன் தழும்பு: சும்மா விடுவதா, தடவுவதா, தேய்ப்பதா, ஊசியா, லேசரா, கத்தியா?

ஆறாவது வாரச் செக்கப்பில் டாக்டர் தழும்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு "நல்லா ஆறியிருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அது உண்மைதான். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, தையல் எங்கும் விட்டுப்போகவில்லை. ஆனால் அன்றைக்கு என்னால் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, உள்ளாடையின் எலாஸ்டிக் தழும்பின் வலது ஓரத்தில் உரசினால் பல்லைக் கடித்துக்கொள்வேன், குழந்தையைத் தூக்கும்போது அதன் குதிகால் எங்கே இடித்துவிடுமோ என்று ஒரு கை எப்போதும் அடிவயிற்றைக் காத்துக்கொண்டே இருக்கும். தழும்புக்கு மேலே உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போய், தொட்டால் வேறு யாருடைய தோலையோ தொடுவது போல இருந்தது. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, கேட்காததால் நானும் சொல்லவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் சொல்லும்போது தழும்பைப் பற்றி வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்குப்படி உலகில் நடக்கும் பிரசவங்களில் 21 சதவீதம் சிசேரியன், அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். 2030-க்குள் இது 29 சதவீதமாகும் என்கிறார்கள். இத்தனை கோடிப் பெண்கள் அடிவயிற்றில் இந்தக் கோட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறோம், ஆனால் இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு கிரீமின் பெயர்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், தழும்பில் உங்களைப் படுத்துவது எது என்று தெரிய வேண்டும். தழும்பை அளக்க மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் வான்கூவர் அளவுகோல் 1990-ல் வந்தது. அது பார்ப்பது நிறம், சிவப்பு, மென்மை, உயரம் என்ற நான்கை மட்டும்தான். வலிக்கிறதா, அரிக்கிறதா என்று தழும்பு உள்ளவரிடம் கேட்பதே இல்லை. 2004-ல் வந்த இன்னொரு அளவுகோல்தான் மருத்துவரின் மதிப்பெண்ணோடு நம்முடைய மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொண்டது. அதில் நம்மிடம் கேட்பவை ஆறு: வலி, அரிப்பு, நிறம், விறைப்பு, தடிப்பு, மேடுபள்ளம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை நீங்களே மார்க் போட வேண்டும். 1 என்றால் சாதாரணத் தோல் மாதிரி, 10 என்றால் ரொம்ப மோசம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போட்டுப் பாருங்கள். நான் போட்டது குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது: வலி 7, அரிப்பு 3, நிறம் 6, விறைப்பு 8, தடிப்பு 3, மேடுபள்ளம் 4. அதுவரை நான் பணம் செலவழித்துக்கொண்டிருந்தது முழுக்க நிறத்துக்கு. வலிக்கும் விறைப்புக்கும் ஒன்றுமே செய்யவில்லை.

இந்த மார்க்கை வைத்துத்தான் மேற்கொண்டு பேசப் போகிறேன். ஏனென்றால் ஒவ்வொரு சிகிச்சையும் இந்த ஆறில் ஒன்றையோ இரண்டையோதான் தொடும், எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று எதை விற்றாலும் நம்பாதீர்கள்.

வெளியே தெரிவது 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடுதான். 1900-ல் ஃபன்னன்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த குறுக்கு வெட்டைத்தான் இன்றும் பெரும்பாலும் போடுகிறார்கள். ஆனால் வெட்டு அந்தத் தோலோடு நிற்பதில்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கு அடியில் தசையை மூடியிருக்கும் கெட்டியான உறை, அப்புறம் தசை (இதை வழக்கமாக வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரு பக்கமும் ஒதுக்குவார்கள்), வயிற்றின் உட்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பைச் சுவர். ஒவ்வொரு அடுக்கும் தனியாக ஆற வேண்டும். ஆறும்போது சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணியோடு லைனிங்கையும் சேர்த்துத் தைத்துவிட்டால் துணி தனியாக நகராதில்லையா, அந்த மாதிரி. விறைப்பும், நிமிரும்போது உள்ளே பிடித்து இழுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். தோலின் மேல் தடவும் எந்தக் கிரீமும் அந்த ஆழத்துக்குப் போகாது.

சரி, முதல் வழி: சும்மா விடுவது. சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், இதுவும் ஒரு நல்ல வழிதான். தழும்பு முதல் சில மாதங்களில் கெட்டியாகவும் சிவந்தோ கறுத்தோ இருந்து, அப்புறம் மெல்ல மெல்லத் தட்டையாகி வெளுக்கும். முழுதாக ஒரு நிலைக்கு வர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை இரண்டு வருடம்கூட ஆகும். எவ்வளவு நன்றாக ஆறினாலும் அந்த இடத்துக்கு முந்தைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்ப வரும். உங்கள் மார்க் எல்லாம் 3, 4-க்குள் இருந்தால், தழும்பின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, எலாஸ்டிக் அதன் மேலேயே உட்காராத உயரமான உள்ளாடையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது போதும். நிறம் மட்டும் உறுத்துகிறவர்களும் முதல் வருடம் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் வலி 7 என்று இருந்துகொண்டு "தானா சரியாயிடும்" என்று பொறுத்துப் போவது வேறு. ஒரு வருடம் கழிந்த பிறகும் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வலி மிச்சமிருக்கிறது. அவர்களில் யாரும் பொறுமை இல்லாதவர்கள் இல்லை.

அடுத்தது தடவுவது. இதில் எனக்கு நம்பிக்கை உள்ள ஒரே பொருள் சிலிகான். ஜெல்லாகவும் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளும் ஷீட்டாகவும் கிடைக்கும். தழும்பின் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதுதான் அதன் வேலை. ஈரம் நிலைத்தால் உள்ளே நார் உற்பத்தி அடங்குகிறது. காயம் முழுதாக மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும், ஒரு துளி கசிவு இருந்தாலும் கூடாது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். பாதிப் பேர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு "ஒண்ணும் வேலை செய்யல" என்கிறார்கள். ஆராய்ச்சி ஆதாரம் அவ்வளவு பலமானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கெடுதல் குறைவு, தடிப்பும் அரிப்பும் உள்ளவர்களுக்கு முயன்று பார்க்கலாம். ஜெல்லா ஷீட்டா என்றால், வயிறு மடியும் இடத்தில் தழும்பு இருந்தால் பகலில் ஷீட் வியர்த்துச் சுருண்டு வந்துவிடும், அதனால் பகலில் ஜெல், இரவில் ஷீட் என்று வைத்துக்கொண்டேன். ஷீட்டைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவிக் காயவைக்காவிட்டால் அடியில் வேர்க்குரு மாதிரி வந்துவிடும்.

வைட்டமின் ஈ எண்ணெயை எல்லோரும் சொல்வார்கள். 1999-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் அதைத் தடவியதால் தழும்பு அழகாகவில்லை, சுமார் மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது. எனக்கும் நான்கு நாளில் தடித்துவிட்டது. வெங்காயச் சாறு கலந்த ஜெல்களைப் பற்றியும் எனக்கு நம்பும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

என் விறைப்பு 8-க்குப் பலன் தந்தது விரல்கள்தான். ஆறு வாரம் முடிந்து, தழும்பு எங்கும் திறந்திருக்கவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு மசாஜ் தொடங்கலாம். நான் தொடங்கியது நான்காவது மாதம், பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொண்டேன். எண்ணெய் தடவி மேலே வழுக்கிக்கொண்டு போவது இல்லை இது. இரண்டு விரல் நுனியைத் தழும்பின் மேல் வைத்து, விரல் தோலை விட்டு நகராமல், தோலையே அடியில் இருப்பதன் மேல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். என் தழும்பின் நடுப்பகுதி நன்றாக நகர்ந்தது, வலது ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடம் மட்டும் அசையவே இல்லை, அந்த இடத்தில்தான் எலாஸ்டிக் பட்டால் உயிர் போகும். அங்கே அழுத்தி, லேசாக இழுப்பது தெரியும் வரை நகர்த்தி, அப்படியே அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். அப்புறம் தோலை இரண்டு விரலால் தூக்கி உருட்டுவது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. மசாஜ் தொடங்கிய மூன்றாவது மாதம் அந்த ஓரம் தூக்கினால் மேலே வந்தது.

இதற்கும் பெரிய ஆய்வுகள் இல்லை, சிறிய ஆய்வுகள்தான். செலவு அதிகமில்லை, பக்கவிளைவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நேரமும் பொறுமையும் கேட்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் என்பது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் தடவை அந்தப் பிசியோதெரபிஸ்ட் "உங்க கையாலயே தொட்டுப் பாருங்க" என்றபோது நான் அழுதுவிட்டேன். நான்கு மாதமாகக் குளிக்கும்போதுகூட அந்த இடத்தைத் தொடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தொட்டாலே கூசுகிறவர்களுக்கு முதலில் பஞ்சு, பழகியதும் மெல்லிய துணி, அப்புறம் டவல் என்று படிப்படியாக அந்த இடத்தைப் பழக்கும் பயிற்சி உண்டு. நரம்புகளுக்கு இது ஆபத்தில்லாத தொடுதல் என்று கற்றுக்கொடுப்பதுதான் அது.

மரத்துப்போன இடத்துக்கு இந்த வழிகளில் எதுவும் மருந்து இல்லை. வெட்டும்போது தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுபடுகின்றன. மாதக்கணக்கில் மெல்லத் திரும்ப வரும், சிலருக்கு ஒரு சிறு பகுதி நிரந்தரமாக அப்படியே இருந்துவிடும். உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரும் என்று யாராவது ஜெல் விற்றால் வாங்க வேண்டாம். ஆனால் தழும்பின் ஒரு ஓரத்தில் ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் சுருக்கென்றும் எரிச்சலாகவும் குத்தி, தொடைப்பக்கம் வரை ஓடுகிற வலி இருந்தால், அங்கே நரம்பு ஒன்று தழும்பில் சிக்கியிருக்கலாம். அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். உடனே வலி போனால் காரணம் அதுதான் என்று தெரிந்துவிடும், சிலருக்கு அந்த ஊசியே நீண்ட நாள் நிவாரணமும் தரும். வலி மார்க் உயர்ந்தவர்கள் தோல் மருத்துவரிடம் போவதற்கு முன் வலி மருத்துவரிடம் போவது நல்லது.

தடிப்புக்கு மார்க் 7, 8 என்றால் அப்போதுதான் ஸ்டீராய்டு ஊசி. இதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வெட்டின் எல்லைக்குள்ளேயே புடைத்து நிற்பது ஒரு வகை, அது பெரும்பாலும் மாதங்கள் போகப் போகத் தானாகவே ஓரளவு அமுங்கும். எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவி வளர்வது கீலாய்டு, அது தானாக அமுங்காது, நம்மைப் போன்ற கருமையான தோல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கட்டி மாதிரி வளர்ந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ட்ரையாம்சினலோன் என்ற மருந்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தழும்புக்குள்ளேயே போடுவார்கள், பல தடவை போட வேண்டிவரும். போடும்போது நன்றாக வலிக்கும். தட்டையாகும், அரிப்பும் குறையும். பதிலுக்குத் தோல் மெலிந்துபோகலாம், அந்த இடம் வெளிறிப் போகலாம். இதோடு 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைக் கலந்து போடுவதும் உண்டு, அது கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது. பால் கொடுக்கிறேன் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

லேசரை நான் செய்துகொள்ளவில்லை, விசாரித்து விட்டுவிட்டேன். சிவப்பைக் குறைக்க ஒரு வகை, மேடுபள்ளத்தைச் சமன்படுத்த இன்னொரு வகை. நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் பல சிட்டிங். கருமையான தோலில் லேசர் சுட்ட இடமே இன்னும் கறுத்துப்போகும் வாய்ப்பு உண்டு, அதுவும் நிறத்துக்காகப் போய் நிறத்தையே கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்துகொள்ள விரும்பினால், நம் தோல் நிறத்தில் நிறையப் பேருக்குச் செய்து பழகியவரிடம், முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசி வழி கத்தி. பழைய தழும்பை வெட்டி எடுத்துவிட்டு ஒழுங்காகத் தைப்பது. ஒட்டிக்கொண்டு பள்ளமாகிவிட்ட தழும்புக்கும், மசாஜில் அசையாத விறைப்புக்கும் இது நன்றாகவே உதவும். கீலாய்டுக்கு மட்டும் வெறுமனே வெட்டி எடுப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. தழும்புக்கு மேல் தொங்கும் வயிற்றுக்காகக் கத்திக்குப் போக நினைப்பவர்கள், அந்தத் தொங்கலுக்குக் காரணம் தழும்பு மட்டுமில்லை, தளர்ந்த தோலும் கொழுப்பும் விலகிய தசையும் சேர்ந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். தழும்பை மட்டும் திருத்தினால் தொங்கல் அப்படியேதான் இருக்கும். அதற்கு வயிற்றையே இறுக்கும் பெரிய அறுவை சிகிச்சை வேண்டும், அது இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகு. எதுவானாலும் ஒரு வருடத்துக்கு முன்னால் வேண்டாம். அடுத்த பிரசவமும் சிசேரியன்தான் என்று ஆகிவிட்டால், அப்போதே பழைய தழும்பை எடுத்துவிட்டுத் தைக்க முடியுமா என்று கேளுங்கள், பல மருத்துவர்கள் செய்து கொடுப்பார்கள்.

இந்த ஆறு மார்க்கிலும் அடங்காத சில விஷயங்கள் இருக்கின்றன. தழும்பிலோ பக்கத்திலோ ஒரு கட்டி, அது பீரியட்ஸ் சமயத்தில் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால், கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு அங்கே தங்கி வளர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து சில வருடம் கழித்துக்கூட வரும். அரிதுதான், ஆனால் இதைத் தையல் முடிச்சு என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மசாஜ் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. இதற்கு முழுத் தீர்வு பெரும்பாலும் வெட்டி எடுப்பதுதான். அதேபோல பீரியட்ஸ் முடிந்த பிறகும் பல நாள் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தால் கர்ப்பப்பைத் தழும்பில் பள்ளம் விழுந்திருக்கலாம், உள்வழி ஸ்கேனில் தெரியும். வெளியே கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தோலில் குறுக்குக் கோடு இருந்தால் கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது, அடுத்த பிரசவத்தைத் திட்டமிட அந்தத் தகவல்தான் முக்கியம், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிடாதீர்கள். சிவந்து சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

மனசுக்கும் அந்தத் தாளில் இடம் இல்லை. அவசர சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்பைப் பார்த்தாலே அந்த அறையின் விளக்கு, ஓடிவந்த காலடிச் சத்தம் எல்லாம் திரும்ப வரும். கணவர் அருகில் வந்தால் வயிற்றை மறைத்துக்கொள்வது, விளக்கை அணைக்கச் சொல்வது, காரணத்தைச் சொல்லாமல் தள்ளிப் படுப்பது. இப்படி மாதக்கணக்கில் போனால், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால், சிலிகானுக்கு முன்னால் ஒரு மனநல ஆலோசகர்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். தழும்பு தட்டையாகிவிட்டால் இதுவும் போய்விடும் என்று நினைத்து லேசர் வரை போனவர்களை எனக்குத் தெரியும், அது போகவில்லை.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் அதே தாளில் மறுபடி மார்க் போட்டேன். வலி 2, அரிப்பு 1, நிறம் 5, விறைப்பு 3, தடிப்பு 2, மேடுபள்ளம் 4. நிறத்தை அப்படியே விட்டுவிட்டேன். மேடுபள்ளத்துக்குக் கத்தி மட்டும்தான் மிச்சம், இன்னொரு குழந்தை வேண்டுமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யாததால் அதைத் தள்ளி வைத்திருக்கிறேன். மரத்த இடம் உள்ளங்கை அளவிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருக்கிறது. மகள் மடியில் ஏறும்போது குதிகால் நேராக அங்கேதான் விழுகிறது, இப்போதெல்லாம் கையைக் குறுக்கே வைப்பதில்லை.